நோய்ச் செய்திக்கு ஒரு லட்டு

போன மாதம் உங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்திருந்தேன். புதிதாகப் பரவும் காய்ச்சலுக்கான மருந்துக்கு ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பெண் என்னிடம் லட்டுத் தட்டை நீட்டினாள். "சர்க்கரைம்மா, வேண்டாம்" என்றேன். பொய். எனக்குச் சர்க்கரை கிடையாது. ரத்தக்கொதிப்பு மட்டும் கொஞ்சம் உண்டு, அதுவும் உங்களைப் போன்றவர்களிடம் வேலை வாங்கி வந்தது. அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனதை வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். நின்ற இடத்தில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆனவன் எழுத உட்கார்ந்தால் சாதனைப் பட்டியல்தான் வரும் என்று நினைப்பீர்கள். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், சால்வையோடு வருவார்கள். இது ஒரு தட்டு பிரியாணி பற்றியது. நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலியிலிருந்து சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போகிற சாலையில் எங்கள் தொழிற்சாலை. பறவைக் காய்ச்சல் எங்கெங்கோ தலைகாட்டிக்கொண்டிருந்தது. அதற்கான மருந்து வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலை. அதை நாமே செய்வது என்று எங்கள் நிர்வாகம் இறங்கியது. ஆய்வகத்தில் கைப்பிடி அளவு வருவதை ரியாக்டர் என்ற பெரிய கொப்பரையில் மூட்டைக் கணக்கில் வரவைப்பது என் வேலை.

அந்த மருந்துக்கு ஆதாரம் அன்னாசிப்பூ. பிரியாணியில் போடுகிறோமே, அதேதான். அதிலிருந்து ஓர் அமிலத்தை இறக்கி, அதைப் படிப்படியாக மாற்றி மாற்றி மருந்தாக்க வேண்டும். மணலியில் மற்ற கம்பெனிகளின் நாற்றத்துக்கு ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு மனுப் போடும். எங்கள் கம்பெனி வாசலில் மட்டும் லாரி டிரைவர்கள் பிரியாணி வாசம் என்று நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள்.

கேட்டுக்கு எதிரே உண்மையான பிரியாணியும் இருந்தது. கன்னியம்மாவின் தள்ளுவண்டி. வியாசர்பாடிக்காரி. பல வருஷம் வேறொருவர் வண்டியில் தட்டுக் கழுவியவள், அப்போதுதான் சொந்தமாக ஒரு வண்டியும் அண்டாவும் வாங்கி அங்கே நிறுத்தியிருந்தாள். இரும்பு மார்க்கெட் லோடுமேன்கள், டாங்கர் லாரிக்காரர்கள், சனிக்கிழமை தவறாமல் நாங்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

ஒருநாள் கையில் கரண்டியோடு என்னை மடக்கினாள். "இன்னா சார், ஊர்ல கீற அன்னாசிப்பூ அத்தினியும் உங்க கம்பெனியே வாரிகினு போவுதாமே? வண்ணாரப்பேட்டைல வெல கேட்டா மயக்கம் வருது. நான் பிரியாணில வேப்பம்பூவா போடுறது?"

"மருந்துக்குக்கா. கோழிக் காய்ச்சலுக்கு."

"கோயிக்கு ஜல்பு புடிச்சா மாத்திர குடுப்பீங்களா?"

"கோழிக்கு இல்லக்கா. கோழிகிட்ட இருந்து மனுஷனுக்கு வந்தா."

"நம்ப கோயிக்கு அதெல்லாம் வராது சார். ஜல்பு புடிக்கறதுக்குள்ள அது அண்டால எறங்கிடும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். விஞ்ஞானப்படி அவள் சொன்னதில் தப்பே இல்லை. கொதிக்கிற அண்டாவில் எந்த வைரஸும் பிழைக்காது.

இந்த இடத்தில் எங்கள் துறைத் தலைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். நாங்கள் மேடம் என்றே கூப்பிட்டோம். எங்கள் மருந்தின் நடுப்படியில் அசைடு என்றொரு சரக்கு வரும். சூடு ஏறினால் வெடிக்கும், அமிலம் பட்டால் விஷவாயு கக்கும். ஒரு மதியம் அந்தச் சரக்கு ரியாக்டரில் இருக்கும்போது கரண்டு போய்விட்டது. குளிர வைக்கும் சில்லர் நின்றது. ஜெனரேட்டர் இருமுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. அதுவரை நாங்கள் எடுத்ததில் அதுதான் சிறந்த பேட்ச். வெப்பமானியின் முள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க மேடம், இப்ப ஜெனரேட்டர் புடிச்சிடும்" என்று கெஞ்சினேன்.

"முள்ளு ஏறுதா இல்லையா?"

"ஏறுது மேடம். ஆனா ரொம்ப மெதுவா..."

"ஏறுதுன்னா ஏறுது." என்னைத் தள்ளிவிட்டு அவரே வால்வைத் திறந்தார். ஆபத்துக்கென்று கீழே வைத்திருந்த குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் அத்தனை சரக்கும் இறங்கிப் பாழாய்ப் போனது. தொட்டி நிரம்பி முடிக்கவும் ஜெனரேட்டர் பிடிக்கவும் சரியாக இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அழுகையே வந்துவிட்டது. மேடம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு எதுக்குப் பயப்படணும்னு தெரியல. சீக்கிரம் கத்துக்கோ. இல்லன்னா பயப்பட வேண்டாத எடத்துல போய் நடுங்கிட்டு நிப்ப."

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாளுக்குக் கரிநாக்கு.

இரண்டாயிரத்து ஆறின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கே அது வந்துவிட்டது. மேற்கே ஒரு மாநிலத்தில் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் ஓடியது. எங்கள் ஆபீசில் என்ன நடந்தது தெரியுமா? கை தட்டினார்கள். அரசாங்கம் மருந்தைக் கையிருப்பு வைக்கும், ஆர்டர் வரும், இத்தனை நாள் பட்ட பாடு வீண் போகாது. எங்கள் மண்டையில் அதுதான் ஓடியது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, நாங்கள் எரிகிற வீட்டின் வாசலிலேயே பந்தல் போட்டோம். மேனேஜர் பெட்டி பெட்டியாக லட்டு வரவழைத்தார். நான் ஒன்று தின்றேன். நன்றாக இருந்தது என்று இன்னொன்றையும் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டேன்.

வெளியே வந்தால் கன்னியம்மா. "இன்னா சார், மூஞ்சி பளபளன்னு கீது? பிரமோஷனா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்க்கா" என்று அந்த லட்டை அவள் கையில் வைத்தேன்.

கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். "நல்லா இருங்க சார். உங்க கம்பெனி நல்லா இருந்தாத்தான் எங்க வண்டி ஓடும்."

அந்த வாரமே வியாபாரம் படுத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோழிக்கும் காய்ச்சல் இல்லை. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கோழிக் கடைகளில் ஈ ஓட்டினார்கள். டிவியில் பெரிய மனிதர்கள் கோழிக்காலைக் கடித்துக் காட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை. சரி, ஊர் பயந்தது, அது அறியாமை. நாங்கள்? சனிக்கிழமை பிரியாணிக் கூட்டம் சத்தமில்லாமல் டிபன் பாக்ஸுக்கு மாறியது. ஒருவருக்கு மனைவி வேண்டாம் என்கிறாளாம். ஒருவருக்குப் பிரதோஷமாம். எனக்கு வயிறு சரியில்லை. அசைடு ரியாக்டருக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தவர்கள் நாங்கள். வெந்த கோழிக்குப் பயந்தோம்.

இதில் கொடுமை என்னவென்றால், லோடுமேன்கள் டிவியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்கள். "மருந்து செய்றவனே துன்ல, நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்று எதிர்ச்சாரியில் தக்காளி சாதத்துக்குப் போய்விட்டார்கள். ஊரில் மற்ற வண்டிகளுக்கு வியாபாரம் குறைந்தது. எங்கள் கேட் வண்டிக்கு அடியோடு நின்றது.

ஒரு மாலை கன்னியம்மா என்னைக் கூப்பிட்டாள். அண்டாவில் வெறும் குஸ்கா, அதுவும் ஆறிக் கிடந்தது.

"சார், நேராவே கேக்கறேன். எங்கோயில நோவு கீதா?"

"இல்லக்கா. இருந்தாலும் வேக வச்சா செத்துப் போயிடும்."

"அப்ப நீங்க ஏன் சார் துன்றது இல்ல?"

நான் வயிற்றைத் தடவினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஆறிய குஸ்காவைக் கிளறினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "டயர் பஞ்சர் போடறவன் இந்த எடத்துக்கு நாயா அலையுறான். நாலு நாள் வண்டி நிக்கலன்னா பூந்துடுவான். எடம் பூட்சின்னா நான் திரும்பத் தட்டு கயுவத்தான் போவணும். உங்களாண்ட காசு கேக்கல சார். ஷிப்ட்டு விடறப்போ இங்க நின்னு, நாலு பேரு பாக்கற மாறி, ஒரே ஒரு தட்டு துன்னுங்க. மருந்து கண்டுபுடிக்கிற சாரே துன்றாருன்னா அவனுங்க வருவானுங்க. நீங்க துன்றேன்னு சொல்லுங்க, நான் அண்டா நெறைய ஆக்கியாறேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவினேன். மறுநாள் மேடத்திடம் போய், கம்பெனி வாசலில் இப்படிச் செய்யலாமா, நிர்வாகம் என்ன நினைக்கும் என்று இழுத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிரியாணி சாப்பிடறதுக்கு எங்கிட்ட எதுக்குடா லீவு லெட்டர் மாதிரி வந்து நிக்கற? போய்ச் சாப்பிடு" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கன்னியம்மாவிடம் போய் வெள்ளிக்கிழமை என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. எங்கள் மருந்தைக் கேப்ஸ்யூலில் அடைத்துப் பார்த்த பரீட்சார்த்த சரக்கிலிருந்து, ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாத்திரை அட்டை. "குடும்பத்துக்கு, ஒரு பாதுகாப்புக்கு" என்றார் மேனேஜர். டாக்டர் சீட்டு இல்லாமல் அப்படிக் கொடுக்கவே கூடாது, அது வேறு. மேடம் தன் அட்டையை மேசையிலேயே விட்டார். "இது நோய் வந்தவனுக்குக் குடுக்கற மருந்து. எனக்கு என்ன நோய்?" என்று கேட்டார். நான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் மனைவி சந்தோஷப்படுவாள் என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். கேட்டை நோக்கி நடக்கும்போது பையை ஒருமுறை தொட்டுப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

கன்னியம்மா வாக்கை நம்பி அண்டா நிறைய ஆக்கியிருந்தாள். வண்டிக்குப் பூ வைத்திருந்தாள். "வா நைனா, வா! சாரு துன்றாரு, பாத்துட்டு அப்பால துன்னு" என்று போகிறவர்களை நிறுத்திக்கொண்டிருந்தாள். ஷிப்ட் விட்டது. லோடுமேன்கள், டிரைவர்கள், எங்கள் ஆட்கள் என்று கூட்டம் சேர்ந்தது. அவள் தட்டில் எனக்கு நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டாள். நான் சாப்பிட்டேன். நடிக்கவில்லை, நிஜமாகவே ருசித்துச் சாப்பிட்டேன். எலும்பைக்கூட விடவில்லை.

கூட்டத்தில் முறுக்கு மீசை லோடுமேன் ஒருவர் இருந்தார். முன்பெல்லாம் தினமும் சாப்பிட்டவர். "இன்னாமே, சாரு எலும்பையே கடிச்சிகினு கீறாரு. போடு ஒரு பிளேட்டு" என்றார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து கைகள் நீண்டன. கன்னியம்மாவின் கரண்டி பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பில் கை கழுவக் குனிந்தேன்.

சட்டைப் பையிலிருந்த அட்டை வழுக்கித் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

வெள்ளிக் காகிதம் பளிச்சென்று மிதந்தது. முதலில் பார்த்தவர் அந்த மீசைக்காரர்தான்.

"அத்தானே பாத்தேன்! சாரு மாத்திரயப் போட்டுகினு வந்து துன்றாரு. நம்பள வச்சி டெஸ்ட் பண்றாங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். என் மானம் அங்கேயே கப்பலேறியது. "இல்லங்க, இல்லங்க" என்று ஈர அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க, ஒண்ணுகூடப் பிரிக்கல. நான் போடவே இல்ல. மத்தியானம்தான் குடுத்தாங்க."

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேலி போய்விட்டது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "செரி நைனா, போடல. கோயில ஒண்ணியும் இல்லன்றே. அப்ப இத்த எதுக்குப் பையில வச்சிகினு வந்தே?"

எத்தனையோ கூட்டங்களில், எத்தனையோ அதிகாரிகள் முன்னால் பதில் சொன்னவன் நான். குனிந்து கையைக் கழுவத் தொடங்கினேன். அவர் அட்டையை வாளி ஓரத்தில் வைத்தார். சாப்பிடத் தொடங்காத தட்டை வண்டியில் வைத்தார். "கோச்சிக்காத கன்னிம்மா, வூட்ல பசங்க கீது" என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தட்டை வைத்தார்கள். என் சக ஊழியர்கள் முதலிலேயே போய்விட்டிருந்தார்கள். அவர்கள் பைகளிலும் அட்டை இருந்தது.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளிப்போட, பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அந்த இடத்தில் டயர் தொங்கியது. மழைக்காலம் வருவதற்குள் ஊர் பழையபடி கோழி தின்றது, சனிக்கிழமைக் கூட்டம் வேறொரு வண்டியைக் கண்டுபிடித்துக்கொண்டது. வியாசர்பாடிக்கு இரண்டு முறை தேடிப் போனேன், ஆள் வேறு பக்கம் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. எங்கள் மருந்து தேறியது, ஆர்டரும் வந்தது. தரமான மருந்து, அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. நல்ல வேளையாக அதற்குத் தேவை வராமல் பெரும்பகுதி கிடங்கிலேயே காலாவதி ஆனது. மருந்து செய்கிறவன் அதற்கு வருத்தப்படக் கூடாது. நாங்கள் வருத்தப்பட்டோம்.

நீங்கள் அசைடுக்குப் பயப்படுங்கள். முள் ஏறினால் கெஞ்சாமல் வால்வைத் திறங்கள். மருந்து தேறிய அன்று லட்டு கொடுங்கள், வந்து இரண்டாகத் தின்கிறேன். நோய் வந்து ஆர்டர் வந்த அன்று தட்டை நீட்டாதே அம்மா. போன மாதம் உன் முகம் வாடியதற்கு என்னை மன்னித்துக்கொள்.

சரி, கடைசி விஷயம். கூட்டம் கலைந்த பிறகு நானும் கன்னியம்மாவும் அந்த நிறைந்த அண்டாவும்தான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. வாளி ஓரத்திலிருந்த அட்டையை எடுத்து, முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"நனஞ்சி பூட்ச்சி சார். காய வச்சிக்கோங்க."

பிறகு எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவள் போல என் முகத்தையே பார்த்தாள்.

"சார், அன்னிக்கு லட்டு குடுத்தீங்களே. டிவில கோயி நோவுன்னு சொன்ன அன்னிக்கு. அத்து பிரமோஷனுக்கு இல்லியா? இதுக்கா சார்?"

பொய் சொல்ல எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தாள். அந்த ஒரு தடவை மட்டும் சொல்லவில்லை.

"ஆமாக்கா. இதுக்குத்தான்."

அண்டாவை மூடினாள். வண்டியின் பிரேக் கட்டையைக் காலால் எடுத்தாள். பூவோடு வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அந்த லட்ட எம் பொண்ணு துன்னுச்சே சார்."